பிரசங்கம் முடிந்ததும் வெளியே

2024 பிப்ரவரி 18, ஞாயிறு, காலை 7 மணி 41 நிமிடம். மழை இல்லை, காற்றும் இல்லை. மட்டாஞ்சேரியின் வழக்கமான பிசுபிசுப்பு. எங்கள் கோவிலில் மின்விசிறிகள் பன்னிரண்டு, ஓடியவை எட்டு. அந்த நிமிடத்தில்தான் அச்சன், அதாவது எங்கள் பாதிரியார், பிரசங்கத்தை முடித்துவிட்டு, ஆறு பேரை எழுப்பிப் பூசையிலிருந்து வெளியே அனுப்பினார். ஆறாவது ஆள் நான்.

இதில் என்ன நியாயம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் மனைவி பிறவிக் கத்தோலிக்கர், நான் அல்ல. கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடமாக அவளோடு ஞாயிறு பூசைக்குப் போகிறேன். காய்ச்சல், பந்த் என்று விட்டுப்போனவற்றைக் கழித்தாலும் இரண்டாயிரத்துக்கு மேல் வரும். ஒருவரும் என்னை எழுந்து போகச் சொன்னதில்லை. ஞானஸ்நானம் வேண்டும் என்று பெயர் கொடுத்தேன், வெளியே போ என்கிறார்கள். ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்கள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுவதும் பாதிப் பூசையில் எழுந்து பின்கட்டு அறைக்குப் போய்ப் பாடம் கேட்க வேண்டுமாம். பழைய வழக்கமாம்.

பெயர் கொடுத்ததற்குப் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக அவளுக்கு முழங்கால் சரியில்லை. நற்கருணை அப்பமான நன்மையை வாங்கப் பீடத்துக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். எங்கள் பெஞ்சிலிருந்து பீடம் முப்பத்தெட்டு அடி. அவள் வாங்குவாள், நான் பக்கத்தில் ஊன்றுகோல் மாதிரி நிற்பேன். ஞானஸ்நானம் இல்லாதவனுக்குத் தர மாட்டார்கள். ஒருமுறையாவது அவளோடு நானும் வாங்க வேண்டும் என்று எழுபத்து மூன்று வயதில் தோன்றியது. அதுவும் அவள் நடக்கும்போதே. இந்தக் கால் இன்னும் ஒரு வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அறையில் மற்ற ஐந்து பேரும் முப்பதைத் தாண்டாதவர்கள். நான்கு பேர் கல்யாணத்துக்காக வந்தவர்கள். தேனிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்த ஒருவன் என்னிடம் கேட்டான்:

"பெருசு, உங்களுக்கு எந்த வீட்ல பொண்ணு?"

"எனக்குக் கல்யாணமாகி நாற்பத்து நாலு வருசம் ஆச்சு."

"அப்புறம் என்னங்க அவசரம்?"

பாடம் எடுத்த டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தொடர்ந்தாள். 8.09க்குச் சுவருக்கு அப்பால் நன்மைப் பாட்டு தொடங்கியது. அதற்குமேல் அவள் சொன்னது ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது மனைவி பெஞ்சில் அதே இடத்தில் இருந்தாள்.

"போகலையா?"

"யார் கூடப் போறது?"

பக்கத்துப் பெஞ்சுக்காரி கை கொடுத்தாளாம். "அவ ஓடுவா. நான் விழுந்தா யாரு எடுக்கறது?" அச்சனே பெஞ்சுக்குக் கொண்டுவந்து தருவார் என்றேன். "உட்கார்ந்து வாங்க நான் என்ன கிடப்பு ரோகியா? கால்தான் போச்சு. மானம் போகலை."

அடுத்த ஞாயிறும் அதே கதை. அச்சன் தாமே கேட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். பிரசவ காலம் தவிர, தொடர்ந்து இரண்டு ஞாயிறு அவள் நன்மை வாங்காமல் இருந்ததே இல்லை.

மூன்றாம் ஞாயிறு அச்சன் கூப்பிட்டபோது ஐந்து பேர் எழுந்தார்கள். நான் எழவில்லை. டீச்சர் வாசலில் நின்று நான்கு முறை சைகை காட்டினாள். மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

"போங்க மனுஷா, எல்லாரும் பாக்கறாங்க."

"பார்க்கட்டும்."

முப்பத்தெட்டு அடி நடந்தோம். அவள் வாங்கினாள், நான் நின்றேன். நான்காம் ஞாயிறும் அப்படியே, ஐந்தாவதும் அப்படியே.

அன்று பூசை முடிந்ததும் அச்சன் கூப்பிட்டார். "சேட்டா, மூணு கிளாஸ் போச்சு. உங்களுக்காக முன்னால நிறுத்திச் சொல்ல வேண்டிய மூணு பிரார்த்தனையும் போச்சு. ஞானஸ்நானம் வருசத்துக்கு ஒரு தடவை, ஈஸ்டருக்குத்தான். இந்த ஈஸ்டருக்கு நான் எப்படித் தர?"

"கிளாசைப் பூசைக்குப் பிறகு வைத்தால் என்ன?"

"மத்தவங்களுக்கு ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகணும். சேச்சிக்கு நான் சீட்ல கொண்டுவந்து தரேன்னு சொன்னேனல்லோ?"

"இன்னொரு தடவை அவளிடம் சொல்லிப் பாருங்கள்."

அச்சன் எட்டிப் பார்த்தார். அவள் கைத்தடியோடு வாசலில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போகவில்லை.

ஆட்டோவில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்காக இப்படிப் பண்ணியிருக்க வேண்டாம்" என்றாள். வீடு இருக்கும் கொச்சங்காடி வரும்வரை என் கையை விடவில்லை. வலிக்கிறது என்று சொன்னேன். அப்போதும் விடவில்லை.

ஈஸ்டருக்கு மற்ற ஐந்து பேரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். தேனிப் பையன் லட்டு கொண்டுவந்து கொடுத்து, "அடுத்த வருசம் கண்டிப்பா, பெருசு" என்றான். அவன் போன பிறகு காலண்டரை வைத்து எண்ணினேன். அடுத்த ஈஸ்டர் வேண்டுமென்றே மூன்று வாரம் தள்ளி, ஏப்ரல் 20க்கு வருகிறது. ஆக, முப்பத்தெட்டு அடியை மூன்று முறை நடந்ததற்கு எனக்கு ஆன செலவு ஐம்பத்தைந்து ஞாயிறு.