கையில்லாதவன் வண்டி

கப்பலுக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் பழைய பெயிண்டையும் துருவையும் சுத்தியலால் கொத்தி உதிர்க்க வேண்டும். துறைமுகத்தில் அதற்குச் சிப்பிங் வேலை என்று பெயர். ராயபுரம் இக்னேஷியஸ் மீசை அரும்பிய நாளிலிருந்து அந்த வேலைதான் செய்தான். தான் கொத்திய இரும்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். அடக்கம் இருக்கும் திசையில் அவன் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால், சும்மா சொல்லக்கூடாது, வேலை சுத்தமாகத்தான் இருக்கும்.

ஐம்பத்தோராம் வருஷம் ஒரு கப்பலின் மேல்தளத்தில் சங்கிலி அறுந்து வந்து அவன் இடது கையை மணிக்கட்டோடு கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பல்லவியைப் பாடினார்கள். எங்கேயாவது வாட்ச்மேன் வேலை பார், ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள் என்றார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஸ்டூல்ல குந்திக்கினு கெடக்கறதுக்கா கர்த்தரு ரெண்டு காலு குட்த்துகீறாரு?" என்று மனைவி தேவகிருபையிடம் கத்தினான். அவள் என்ன செய்வாள் பாவம்! கஞ்சியை அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதுதான் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்குப் பியூன் தேவை என்று சேதி வந்தது. துறைமுக ஆபீசிலிருந்து காகிதங்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. சொந்த சைக்கிள் இருக்க வேண்டும். இக்னேஷியஸ் நடந்தே போய்ப் பெரிய கிளார்க் ராமசுப்புவைப் பார்த்தான். மனுஷர் நல்லவர்தான். விரட்டவில்லை, ஒரு கேள்வி கேட்டார்.

"ரோட்டிலே கை காட்டித்தானே திரும்பணும்? இருக்கிற ஒரு கையையும் நீட்டிட்டா, பிரேக்கை எதாலே பிடிப்பே?"

இக்னேஷியஸ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஒண்ணாம் தேதி சைக்கிளோடு வா. இந்தக் கேட்டுக்கு முன்னாலே ஓட்டிக் காட்டு. கை காட்டித் திரும்பி, கோட்டிலே வந்து நின்னா உனக்கு வேலை. நிக்கலேன்னா என்னைத் தப்பா நினைக்காதேப்பா" என்றார் ராமசுப்பு.

கல்மண்டபத்தருகே சைக்கிள் கடை வைத்திருந்த தாவூது அவனுக்குப் பழைய தோஸ்து. கடைக்குப் பின்னால் ஒரு பட்டாளத்து சைக்கிளின் ஃபிரேம் கிடந்தது. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்தது. அடியில் பட்டாளத்துப் பச்சை, அதன்மேல் எவனோ அடித்த சிவப்பு, அதற்கும் மேல் கறுப்பு. தாவூது அதைத் தூக்கி வெளியே வைத்து, மூர் மார்க்கெட்டில் பொறுக்கிய இரண்டு சாமான்களை அதன் பக்கத்தில் பரப்பினான். ஒன்று, ஊரில் எல்லா சைக்கிளிலும் இருக்கிற கம்பி பிரேக், இரண்டு கைப்பிடிகளோடு. இன்னொன்று, பின்சக்கரத்தின் நடுவில் மாட்டுகிற, பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு தடித்த ஹப்.

"இது பின்மிதி பிரேக்கு நைனா. சக்கரத்து ஹப்புக்குள்ளயே கீது. பெடலைப் பின்னால அமுக்குனா வண்டி கப்புனு நின்னுடும். கையே வாணாம்."

"இன்னாது? கையே வாணாமா?" இக்னேஷியஸின் முகம் சிவந்துவிட்டது. "ஹேண்டில்பார்ல ஒண்ணுமே இல்லாம மொட்டையா ஓட்டிக்கினு போணுமா? 'கையில்லாதவன் வண்டி'ன்னு பேரு வெச்சுடுவானுங்கோ பாய். ஊரு சிரிக்கும். கம்பி பிரேக்கே போடு. ரெண்டு பக்கமும் போடு."

"எடது பக்கத்த யாருபா புடிக்கிறது?"

"யாரும் புடிக்க வாணாம். இருக்கணும். அவ்ளோதான்."

முதலில் பழைய பெயிண்டை உரித்துக்கொண்டு வா, பிரேக்கை அப்புறம் பார்க்கலாம் என்று தாவூது ஃபிரேமைக் கொடுத்தனுப்பினான். பெயிண்ட் எடுப்பதைப் பற்றி இக்னேஷியஸுக்குச் சொல்லித்தர ஆள் பிறந்திருக்கிறானா என்ன! வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் கிடந்த சிப்பிங் சுத்தியலை எடுத்தான். எத்தனை நாளாயிற்று அதைத் தொட்டு! ஆசையாக ஓங்கி ஒரு போடு போட்டான். பெயிண்ட் உதிர்ந்தது. கூடவே குழாயும் ஒரு எலுமிச்சம்பழம் உட்காரும் அளவுக்குக் குழிந்தது. கப்பல் தகட்டின் கனம் எங்கே, சைக்கிள் குழாயின் கனம் எங்கே!

சேதி கேட்டுத் தாவூது ஓடிவந்து தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி! இது இன்னா கப்பலாபா? சைக்கிளு!" நல்ல வேளை, குழாய் விரிசல் விடவில்லை. எண்ணூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்துப் பூசி, ஈரச் சாக்கைச் சுற்றி வைக்கச் சொன்னான் தாவூது. மறுநாள் சாக்கைப் பிரித்தால், ஆறிப்போன கூழின்மேல் ஆடை படிந்த மாதிரி மூன்று பெயிண்டும் சுருங்கிக் கிடந்தன.

இக்னேஷியஸ் கையில் கந்தலைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். சுரண்டுவதற்குக் கை இருக்கிறது. ஃபிரேமைப் பிடிப்பது யார்? அவன் யோசிக்கக்கூட இல்லை. இரண்டு காலையும் நீட்டி, காய்ந்த சாக்கு ஒன்றைச் சுற்றிப் பாதங்களால் ஃபிரேமைக் கவ்விக்கொண்டான். சுரண்டச் சுரண்ட, கால்கள் தாமாகவே அதைத் திருப்பின, தூக்கின, சாய்த்தன. கறுப்பு போனது. சிவப்பு போனது. பச்சையும் போனது.

தண்ணீர்க் குடத்தோடு வந்த தேவகிருபை நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னாமே சிரிக்கிறே?"

"யோவ், உனுக்கு ஒரு கைதான் கீதுன்னு யாருயா சொன்னது? மூணு கீதேயா!"

இக்னேஷியஸ் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். அவை அந்த ஃபிரேமை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. வாயில் வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டான். புளித்தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி முடித்தபோது வெள்ளை வெளேரென்று இரும்பு மின்னியது. அக்கம்பக்கத்தார் வந்து வாய் பிளந்தார்கள். வழக்கமாக அவனே பீற்றிக்கொள்வான். அன்றைக்கு அவன் மனசு வேறெங்கோ இருந்தது. ஈரம் காய்வதற்குள் ஃபிரேமைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனான்.

"பாய், அந்தப் பின்மிதியே மாட்டு."

"ஹேண்டில்பார்ல?"

"ஒண்ணும் வாணாம். எடது பக்கமும் வாணாம்."

கறுப்புப் பெயிண்ட் அடித்து, வண்டி தயாராயிற்று. மழுங்கிய இடது கையை ஹேண்டில்பார் மேல் அணைத்தபடி இக்னேஷியஸ் தெருவில் கிளம்பினான். அடேயப்பா, அந்த மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ராயபுரத்து ஆம்பிளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி 'டிர்ர்ர்' என்று சத்தம் எழுப்பாமல் போகமாட்டார்கள். மீன்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்த இடம் வந்ததும் இக்னேஷியஸின் கால் பழக்கதோஷத்தில் பின்னால் மிதித்தது. வண்டி நின்றது. இக்னேஷியஸ் நிற்கவில்லை. நேராக அங்கம்மாவின் நெத்திலிக் கூடையில் போய் இறங்கினான்.

"நல்லாத்தான் நிக்குது நைனா உன் பிரேக்கு! என் யாவாரமும் சேர்ந்து நின்னுட்ச்சு!" என்றாள் அங்கம்மா.

அன்றிலிருந்து ஒண்ணாம் தேதி வரைக்கும் அவன் தன் கால்களை உட்கார வைத்துப் பாடம் நடத்தாத குறைதான். பின்னால் மிதிப்பது விளையாட்டில்லை என்று அவற்றுக்குப் புரிய வைத்தான்.

அந்த நாளும் வந்தது. தொழிற்சாலைக் கேட்டுக்குள்ளே வாட்ச்மேன் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். ஷிப்ட் விட்டு வந்த தொழிலாளிகள் கூடிவிட்டார்கள். தேவகிருபை ரோட்டோரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றாள். ராமசுப்பு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கொஞ்ச தூரம் போயிட்டுத் திரும்பி வா" என்றார்.

இக்னேஷியஸ் போனான், திரும்பினான், வேகமாகவே வந்தான். கேட்டை நெருங்கியதும் இருந்த ஒரே கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து, முழுசாக நீட்டித் திரும்பினான். கூட்டம் மூச்சைப் பிடித்தது. நீட்டிய கை திரும்ப ஹேண்டில்பாருக்குப் போகவில்லை. அது நேராக நெற்றிக்குப் போய் சலாம் வைத்தது. கால் பின்னால் அமுங்கியது. முன்சக்கரம் கோட்டில் வந்து நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, சலாம் வைத்த கையோடு அப்படியே இருந்தான்.

ராமசுப்பு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பிரேக் எங்கேய்யா?"

"கால்ல கீது சார்."

"அந்தக் கையை எப்போ இறக்குவே?"

"வேலை குட்த்துட்டேன்னு சொன்னீங்கன்னா எறக்கிடறேன் சார்."

ராமசுப்பு குலுங்கிச் சிரித்தார். "இறக்குப்பா. நாளைக்குக் காலையிலே வந்துடு." ரோட்டோரம் தேவகிருபை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தலை நரைக்கும் வரை இக்னேஷியஸ் அந்த வேலையில்தான் இருந்தான். சுத்தியல் போட்ட குழியைக் கடைசிவரை அடைக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், கப்பல்காரன் கையெழுத்து என்று பெருமையடித்தான். ஆனால் நான் சொல்ல வந்தது, வேலை கிடைத்த அந்தச் சாயங்காலத்தைப் பற்றி. நேராகத் தாவூது கடையில் வந்து இறங்கினான். செயின் கவரில் பேர் எழுத வேண்டும் என்றான். தாவூது வெள்ளைப் பெயிண்டைக் கலக்கிப் பிரஷை எடுத்தான்.

"உங்க சர்ச்சு இராயப்பர் துணைன்னு எழுதட்டா?"

"அவரு துணை எப்பவும் கீது பாய். 'கையில்லாதவன் வண்டி'ன்னு எழுது."

தாவூதின் பிரஷ் அப்படியே நின்றது. நண்பனின் முகத்தைப் பார்த்தான். அதில் வருத்தம் ஒரு பொட்டும் இல்லை. பிரஷைப் பெயிண்டில் தோய்த்துக்கொண்டு கேட்டான்.

"சின்னதாவா, பெருசாவா?"

"கடல்ல போற கப்பல்லேர்ந்து படிக்கணும் பாய்."