சாப்பாட்டோடு சண்டையில்லை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில், மெக்சிகோ சாப்பாட்டையும் நம் ஊர்ச் சாப்பாட்டையும் கலந்து தரும் சிறிய கடை அது. மதியக் கூட்டத்தில் எனக்கு ஒரு பெரியவருக்கு எதிரேதான் இடம் கிடைத்தது. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. மடித்த ரொட்டியாக வந்த டாக்கோவைப் பிரித்துப் போட்டு, பரோட்டாவைப் பிய்ப்பதுபோல ரொட்டியைப் பிய்த்து, உள்ளிருந்த சிக்கன் சுக்காவைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்கார இளைஞர் வந்து என்னிடம், “அவருக்கு வேற எதுவும் வேணுமான்னு கேளுங்க சார்” என்றார்.

நான் விழித்தேன். பெரியவர் தலையைத் தூக்காமல், “காரம் பத்தலைன்னு சொல்லுங்க” என்றார்.

சொன்னேன். வேறு என்ன செய்ய? பச்சைமிளகாய்ச் சட்னி வந்தது. அதையும் இளைஞர் என் முன்னால்தான் வைத்துவிட்டுப் போனார். பெரியவர் கை நீட்டி இழுத்துக்கொண்டார்.

“தெரிஞ்சவருங்களா?” என்று பெரியவரைக் கேட்டேன்.

“என் பையன். வயலைப் பாருடான்னேன், இதை ஆரம்பிச்சான். பேச்சுவார்த்தை இல்லை.”

“ஆனா சாப்பிட வர்றீங்களே?”

“சாப்பாட்டோட எனக்கு என்ன சண்டை?”

முடித்ததும், தட்டில் விரித்திருந்த காகிதத்தை, கல்யாணப் பந்தியில் இலையை மடிப்பதுபோலத் தன் பக்கமாக மடித்துவிட்டுக் கை கழுவப் போனார். தட்டை எடுக்க வந்த மகன் அந்த மடிப்பைப் பார்த்துச் சற்று நின்றார்.

“நாளைக்குக் காரம் கூட்டிப் போடுறேன்னு சொல்லுங்க சார்.”

பெரியவர் வந்ததும் சொன்னேன். துண்டில் கையைத் துடைத்தபடி, “சரின்னு சொல்லுங்க” என்றார்.

நாளை அவருக்கு எதிரே யார் வந்து உட்காருவாரோ.