பீரோவுக்குப் போட்ட ஊசி

குளிர்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் ரயிலேறிக் கணவன் ஊருக்குப் போனாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டாத்தான் குழந்தையைத் தூக்கலாம், டாக்டர் சொல்லிட்டாங்க. அம்மா போட்டாச்சு. பாக்கி நீங்கதான்.”

“பாக்கலாம்மா.”

“போடலைன்னா எட்ட நின்னு பாத்துக்கலாம்பா. தூக்க முடியாது.”

தூக்க முடியாது என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை லாரியில் ஏற்றி இறக்குவது அவருக்கு முப்பது வருஷத் தொழில். மூன்றாம் மாடியிலிருந்து ஓர் இரும்பு பீரோவைத் தனி ஆளாக முதுகில் சுமந்து இறக்கிய நாளிலிருந்து அவர் பெயரே பீரோ என்றாகிவிட்டது. அப்பேர்ப்பட்டவருக்கு ஊசியைக் கண்டால் சப்த நாடியும் ஒடுங்கிவிடும்.

முதல் வாரம் மூக்கு ஒழுகுகிறது என்றார். அடுத்த வாரம் இடுப்புப் பிடிப்பு. மூன்றாவது வாரம் கிளினிக் வாசல்வரை போனார். பக்கத்து வீட்டில் யாரோ இறக்கிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜுக்குக் கைகொடுத்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டார்.

பேத்தி பிறந்தாள். பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த மனைவி, குழந்தையைக் கையில் ஏந்திப் படம் அனுப்பினாள். கீழே ஒரே வரி: ‘அடுத்தது யாரு?’

மனைவியின் தம்பிதான் தொழிலில் அவருக்கு மறுமுனை. இவர் ஒரு பக்கம் பிடித்தால் அவன் மறுபக்கம் பிடிப்பான்.

“எந்த வாசல்லயும் நுழையாத கட்டிலை எல்லாம் நுழைச்சிருக்கேன் மாமா. உங்களை ஒரு கிளினிக்ல நுழைக்க முடியாதா?” என்று தள்ளிக்கொண்டே போய்ச் சேர்த்தான்.

உள்ளே, ஊசிக்குச் சட்டை போட்டதுபோல ஒல்லியாக ஒரு நர்ஸ்.

“வலிக்குமா சிஸ்டர்?”

“மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிரும் அண்ணே. மேசையைப் பிடிச்சுக்கிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குங்க.”

அங்கேதான் வந்தது வினை. அவர் தொழிலில் மூன்று என்றால் தூக்க வேண்டும். தூக்கியதை ‘இறக்கு’ என்ற சொல் வரும்வரை கீழே வைக்கக்கூடாது. இம்மியும் அசையக்கூடாது, அசைந்தால் மறுமுனைக்காரன் கால் போய்விடும்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு” என்றார் நர்ஸ்.

மேசை எழும்பியது. பதிவேடு, பஞ்சுக் கிண்ணம், மருந்துப் பெட்டி எல்லாவற்றோடும் அவர் நெஞ்சு உயரத்துக்கு. பழக்கதோஷம், மச்சானும் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்துவிட்டான்.

“எங்க வைக்கணும் சிஸ்டர்?” என்றும் கேட்டான்.

மயங்கி விழுந்தவர்களை நர்ஸ் பார்த்திருக்கிறார், ஓடியவர்களைத் துரத்தியிருக்கிறார். மேசையோடு கிளம்பியவர் இவர்தான் முதல். ஆனாலும் கைகாரி. இரண்டு கையும் சுமையில், தோள் தூண்போல நிற்கிறது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கண்டுகொண்டார்.

“அப்படியே பிடிங்க. ஆடாதீங்க.”

அவர் ஆடவில்லை. சுமை கையில் இருக்கிறதே.

“ம், இப்ப இறக்குங்க.”

மேசை இறங்கியது. ஒரு பஞ்சுகூடச் சிந்தவில்லை.

“ஊசி எப்ப சிஸ்டர் போடுவீங்க?”

“போட்டாச்சு. வெளிய போய் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க. மருந்து நல்லா வேலை செய்ய ரெண்டு வாரம் ஆகும்.”

பதினைந்தாம் நாள் காலையில் அவர் மகள் வீட்டு வாசலில் நின்றார். மகள் குழந்தையைக் கையில் கொடுத்தாள். மூன்றரைக் கிலோ. பீரோ இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“உக்காருங்கப்பா, கால் வலிக்கப் போகுது.”

“நீ இறக்குன்னு சொல்லலையேம்மா.”

அடுத்த குளிர்காலத்தில், சோபா ஒன்றை மாடியேற்றிக்கொண்டிருந்தபோது அவர் கைபேசி சிணுங்கியது. இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார். கிளினிக்கிலிருந்து வந்த செய்தி.

‘போன வருஷம் போட்ட ஃப்ளூ ஊசி இந்த வருஷத்துக்கு ஆகாது அண்ணே. புதுசு வந்தாச்சு. மேசையைத் தரையோட சேத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிட்டோம். தைரியமா வாங்க.’