இடது பக்கம் அறுபத்து மூன்று கிலோ

நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில், பிற்பகல் மூன்று பத்துக்கு, நான் அந்தப் பட்டறையில் இருந்தேன். கடவுளுக்குப் பயந்தவன். பார்த்ததற்கு மேல் ஒரு வரி எழுத மாட்டேன்.

அது என் அண்ணனின் கார். பந்தயத்தில் ஓட்டுவதற்காக ஆசை ஆசையாக மாற்றிக் கட்டினான். இரண்டு வருடங்களுக்கு முன் அதே கார் மரத்தில் மோதியதில் இறந்துபோனான். தனியாக, கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்றார்கள். அதன்பிறகு அப்பா அவன் பேச்சை எடுப்பதில்லை. அவன் படத்தைச் சுவரில் மாட்டவும் விடவில்லை.

என்னைத் தேற்றியவர் அண்ணனின் நண்பர், வெல்டர் அண்ணன். நான் சாப்பிடாமல் கிடந்த நாட்களில் பொட்டலம் வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நொறுங்கிய காரை இருவருமாகச் சேர்ந்து மறுபடி எழுப்பினோம்.

பந்தயத்தில் சேர எடை துல்லியமாகத் தெரிய வேண்டும். மாட்டிய ஒவ்வொரு பாகத்தையும் நிறுத்து எழுதியிருந்தோம். மொத்தம் 642 கிலோ. டேங்க் காலி. ஓட்டுபவருக்கு மட்டும் வலது பக்கம் ஒரு இருக்கை. இடது பக்கம் வெறும் தகரம். நாலு சக்கரத்துக்கும் கீழே நாலு எடைத்தட்டு வைத்து, காரை ஏற்றி நிறுத்தினோம்.

திரையில் 705.

"தட்டு கோளாறு தம்பி. இடம் மாத்திப் போடு."

மாற்றினோம். மணி 3.24. மறுபடி 705. வலது பக்கம் சரியாக இருந்தது. கூடுதல் அத்தனையும் இடது பக்கம். அறுபத்து மூன்று கிலோ.

"சுத்தியல் கித்தியல உள்ள விட்டுட்டியா?"

"அறுபத்து மூணு கிலோ சுத்தியலா? உங்க மாமியாரத்தான் உக்கார வச்சிருக்கணும்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

எண் அசைந்தது. 705.0... 705.2... 705.0... யாரோ மூச்சு விடுவதுபோல.

என் கண் தானாகப் பட்டறைச் சுவருக்குப் போனது. பந்தய எடைக் கணக்குக்காக அண்ணன் அன்று சாக்பீஸால் எழுதிய இரண்டு வரிகள். அழிக்க மனம் வராமல் விட்டிருந்தோம்.

நான் – 63.
வெல்டர் – 58.

மணி 3.31. வெல்டர் அண்ணன் வலது கதவுப் பக்கம் குனிந்தார்.

க்றீச்...

ஸ்பிரிங் முனகியது. இடது எண் இறங்கியது. வலது எண் ஏறியது. உள்ளே யாரோ... அவர் பக்கம் சாய்ந்ததுபோல.

"அண்ணனா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அவன்தானே ஓட்டினான்... ஏன் இடது பக்கம் இருக்கான்?"

டங்...

அவர் கையிலிருந்த ஸ்பானர் விழுந்தது.

"நான்தான் ஓட்டினேன்" என்றார். "மெதுவா போடான்னு சொல்லிக்கிட்டே வந்தான். மோதினப்புறம்... அவன இந்தப் பக்கம் இழுத்து உக்கார வச்சிட்டு... ஓடிட்டேன்."

இரண்டு வருடம்.

என் தோளில் சாய்ந்து அழுதவர்.

அப்பா அவனைத் திட்டும்போது பக்கத்தில் தலைகுனிந்து நின்றவர்.

கை ஓங்கவில்லை. சுற்றிப்போய் இடது கதவைத் திறந்தேன்.

"இறங்கிடுண்ணே. அப்பாகிட்ட நான் சொல்றேன்."

3.40.

642.

வெல்டர் அண்ணன் வெளியே நடந்தார். அவர் நடை ஏனோ கனத்திருந்தது.

அன்று மாலையே அப்பா தன் கையால் ஆணி அடித்து அண்ணன் படத்தை மாட்டினார்.

மறுநாள் வெல்டர் அண்ணன் தானாகவே போலீசுக்குப் போனார். அவர்கள் உடல் பரிசோதனைக்கு அனுப்பிய ஆஸ்பத்திரியில் என் சித்தி நர்ஸ். ஒரு வாரம் கழித்துச் சொன்னாள். எலும்பும் தோலுமான மனுஷன் மெஷினில் ஏறியதும் 121 காட்டியதாம். மெஷின் கெட்டுவிட்டதென்று வேறொன்றில் ஏற்றினார்களாம்.

அதிலும் 121.

பட்டறைச் சுவரில் இன்னும் 58 என்றுதான் இருக்கிறது.

தினமும் இருவருக்காகவும் பிரார்த்திக்கிறேன். அவரை மன்னித்துவிட்டேனா, தெரியவில்லை.

கதவைத் திறந்துவிட்டது நான்தான்.