மஞ்சள் விளக்கும் என் துப்பறியும் மூளையும்

2006-ஆம் வருஷம், ஆயுத பூஜை முடிந்து நாலாவது நாள். சேலையூர் கேம்ப் ரோட்டில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வர, என் செகண்ட் ஹேண்ட் கார் திடீரென்று நின்றுவிட்டது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. வண்டி தீப்பிடிக்கப் போகிறது என்று முடிவு கட்டி இறங்கி ஓடினேன். எதிர் பிளாட்பாரத்தில் நின்று மூச்சு வாங்கும்போதுதான் மனைவி காருக்குள்ளேயே இருப்பது ஞாபகம் வந்தது. அந்தக் கேஸ் எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஐந்து நிமிஷத்தில் வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது. மறுநாள் மறுபடி நின்றது. எனக்குப் புரிந்துவிட்டது. பூஜைக்கு முந்தின வாரம்தான் தெருமுனை மெக்கானிக்கிடம் சர்வீஸுக்கு விட்டிருந்தேன். நான் திரும்பவும் வந்து நிற்க வேண்டும் என்று ஆசாமி ஏதோ வயரை நறுக்கி அனுப்பியிருக்கிறான். இந்தக் கண்டுபிடிப்பை டீக்கடையில் சொன்னேன், பால் பூத்தில் சொன்னேன், மாடி வீட்டுக்காரரிடம் நடித்தே காட்டினேன். அதே மெக்கானிக்கிடம் விடுவதாக இருந்த தன் காரை அவர் தாம்பரத்துக்கு ஓட்டிப் போய்விட்டார்.

பிறகு கையும் களவுமாகப் பிடிக்க ஷெட்டுக்கு நானே போனேன். மெக்கானிக் பானெட்டைத் திறந்ததும் என் தலையையும் உள்ளே விட்டுக்கொண்டேன். இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் சென்சாரில் மீட்டரை வைத்துப் பார்த்தவர், "சென்சார் நல்லா கீது சார். மாத்த வேணாம்" என்றார். என் சந்தேகம் இரட்டிப்பானது. புதுசு மாத்தணும் என்று சொல்லாத மெக்கானிக்கை எப்படி நம்புவது?

அடுத்து மீட்டரை வயரில் மாட்டிவிட்டு, வயரை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் எண்கள் தாறுமாறாகக் குதித்தன. அங்கே மேலுறை போய், செம்புக் கம்பி பல்லிளித்தது.

"பிளேடால வெட்டின மாதிரி இருக்கே?" என்றேன், வக்கீல் குரலில்.

அவர் வயருக்கு அடியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி என் முன் நீட்டினார். பொரி, பொட்டுக்கடலை, நடுவில் எலிப் புழுக்கை.

"பிளேடு பொரி துன்னுமா சார்?"

பூஜையன்று பொரித் தட்டை இன்ஜின் மேலேயே வைத்துப் படைத்தவன் நான். உள்ளே சரிந்ததை அள்ளச் சோம்பல்பட்டு பானெட்டை மூடியவனும் நான்தான்.

வயரை ஒட்டி டேப் சுற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "மாடி வூட்டு சார் வண்டி வரும்னு நேத்து முழுக்க இடம் வுட்டு வெச்சிருந்தேன். இன்னா சார் சொன்னீங்க அவராண்ட?"

நான் குனிந்து மிச்சப் பொரியைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலமே டீக்கடை, பால் பூத், மாடி என்று போய்ப் பொரிக் கதையைச் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மாடி வீட்டுக்காரர், "இருந்தாலும் எதுக்கு சார் ரிஸ்க்?" என்று தாம்பரத்துக்கேதான் போய்க்கொண்டிருந்தார். அந்த ஷெட்டைத் தாண்டும்போதெல்லாம் இப்போதும் எனக்குத் தோன்றும்: எலியாவது பசிக்குக் கடித்தது, அது கடித்ததை ஒட்ட டேப்பாவது இருந்தது.