உலகம் அழிந்தாலும் உப்பு இருக்கும்

நான் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நிரந்தர லீவு விட்டவன். இதைக்கூட என் கையால் எழுதவில்லை. போனில் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது, தப்பை எல்லாம் என் மகள் திருத்துகிறாள். ஆகவே இதில் நல்ல தமிழ் எங்காவது தென்பட்டால் அது அவளுடையது. முட்டாள்தனம் மட்டும் என் சொந்த சரக்கு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சோல் ஒட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோச்சு என்று சொல்லி எங்கள் லைனையே வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனவனுக்கு ஒரு வியாதி பிடிக்கும், சும்மா உட்கார்ந்து போன் பார்ப்பது. எனக்கு அது முற்றிப்போய் இருந்தது. அதில் ஒரு ஆள், காதில் பெரிய மிஷின் மாட்டிக்கொண்டு, தினமும் வருவார். உலகப் பொருளாதாரம் சரியப்போகிறது, சண்டை வரும், கப்பல் நிற்கும், ரூபாய் நோட்டு வெறும் காகிதம் ஆகும், இப்போதே வீட்டில் சாமான் சேர்த்து வையுங்கள் என்பார். எனக்கு ஏற்கெனவே சரிந்துவிட்டதால் அவர் சொன்னது எல்லாம் அப்பட்டமான உண்மையாகப் பட்டது. டின்னில் அடைத்த மீன் வாங்கச் சொன்னார், டின்னில் அடைத்த பட்டாணி வாங்கச் சொன்னார். எங்கள் தெருவில் டின் என்றால் பெயிண்ட் டின்தான்.

முதலில் அரிசி சேர்த்தேன். வண்டு வந்தது. பருப்பு சேர்த்தேன். அந்த வண்டே சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. என் மனைவி மொட்டை மாடியில் முறத்தை வைத்துக்கொண்டு புடைத்த வேகத்தில், அரிசிக்குப் பதிலாக என்னைத்தான் புடைக்கிறாள் என்று தெரிந்தது.

அதற்குள் எனக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. பக்கத்து வீட்டு பாய் தோல் மண்டி வைத்திருக்கிறார். என் வயசுதான், ஒருத்தரை ஒருத்தர் தோஸ்த் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எனக்கு வேலை போன சேதி சுவர் தாண்டிய அன்றிலிருந்து அவர் மனைவி மூடிபோட்ட பாத்திரத்தோடு வர ஆரம்பித்தார்.

"கொஞ்சம் ஜாஸ்தியா செஞ்சிட்டேன். வெச்சா வீணாப் போய்டும், எடுத்துக்கோங்க."

மறுநாளும் ஜாஸ்தி. அதற்கு மறுநாளும் ஜாஸ்தி. ஒரு வீட்டில் தினமும் அளவு தப்பிச் சமைக்க முடியுமா? எனக்குக் கணக்கே வராது, ஆனால் இந்தக் கணக்கு எனக்கும் புரிந்தது. நாங்கள் புரியாத மாதிரி வாங்கிக்கொண்டோம், அவர் புரியாத மாதிரி கொடுத்தார். பிறகு பாய் ஒரு காலையில் வாசலில் நின்று கத்தினார்.

"யோவ் தோஸ்த், போனையே பாத்துக்கினு இருந்தா கண்ணு போய்டும்யா. மண்டிக்கு வந்து உப்பு போடு!"

அப்படித்தான் உப்பு போடுகிறவன் ஆனேன். பச்சைத் தோல் வந்ததும் விரித்துப் போட்டு, சதைப் பக்கம் முழுக்க உப்பைத் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை, ஆனால் நேரத்துக்குச் செய்ய வேண்டும். வெயில் காலத்தில் விட்டால் மறுநாள் தோலைத் தொட்டாலே முடி கையோடு வந்துவிடும். முடி கழன்ற தோலை யாரும் வாங்க மாட்டார்கள். என் தலையைப் பார்த்துவிட்டு பாய் சொல்வார், "உனக்கு மட்டும் யாரும் டைமுக்கு உப்பு போடல போலக்குதே."

மண்டியில் நின்றபோதுதான் அறிவு பிறந்தது. வண்டு விழாத ஒரே சாமான் உப்பு! சம்பளம் வந்தபோதெல்லாம் உப்பு வாங்கினேன். கல்லுப்பு மூட்டை, தூள் உப்பு பாக்கெட், எது கிடைத்தாலும். கட்டிலுக்குக் கீழே உப்பு, பீரோவுக்குப் பின்னால் உப்பு, டிவிக்கு ஸ்டாண்டே உப்பு. மழை ஈரம் பட்டால் வீடே வியர்க்கும். பீரோவின் கால் துருப்பிடித்து, திறக்கும்போதெல்லாம் அது எனக்கு வணக்கம் வைத்தது.

"உலகம் அழிஞ்சா இந்த உப்ப வெச்சிக்கினு இன்னாய்யா பண்ணுவ?" என்றாள் மனைவி.

"சாப்பாட்ல போட்டுக்கலாம்."

"சாப்பாடு எங்க?"

இதற்கு அந்தக் காது மிஷின்காரர் பதில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. தெருவில் எனக்கு உப்புமூட்டை என்று பெயர் வந்துவிட்டது. பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா தோஸ்த், உலகம் எப்போ அழியுது? முன்கூட்டியே சொல்லு, நானும் வேல வெட்டிய முடிச்சிக்கிறேன்" என்பார்.

இந்த வருஷம் பக்ரீத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் கோடை மழை பிடித்தது. காற்று வந்து மண்டிக் கூரையின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தத் தகரத்துக்குக் கீழேதான் பண்டிகைக்காக பாய் இறக்கி வைத்திருந்த மொத்த உப்பும் இருந்தது. உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்று சும்மாவா சொன்னார்கள்? காலையில் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் சாக்கடை வழியாகப் பாலாற்றுக்குப் போய்விட்டிருந்தது.

பக்ரீத் ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளில் வருகிற ஆட்டுத் தோல்தான் பாய்க்கு வருஷ வியாபாரத்தில் பாதி. வீட்டுக்கு வீடு குர்பானி கொடுத்து, தோல் தோலாக வந்து குவியும். அன்றும் குவிந்தது. மழை விட்டு வெயில் சுளீரென்று அடித்தது, தோலுக்கு அதைவிட விஷம் கிடையாது. மிச்சம் இருந்த உப்பைச் சிக்கனமாகத் தேய்த்தேன், பிள்ளைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. மதியத்துக்கு மேல் அதுவும் தீர்ந்தது. பாய் போன் மேல் போன் போட்டார். மொத்த வியாபாரியிடம் உப்பு இருக்கிறது, ஆனால் ரயில் பாதைக்குக் கீழே இருக்கிற சுரங்க வழியில் தண்ணீர், லாரி அந்தப் பக்கமே நிற்கிறது, நாளைக்குத்தான் வரும் என்றார்கள். எங்கள் தெருக் கடையில் கேட்டால், "உப்பா? இருக்கிறத எல்லாம் உங்க ஆளுதான் வாங்கிக்கினு போய்ட்டாரே" என்று என்னைக் காட்டினார் கடைக்காரர்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை எனக்குத் தோணவே இல்லை. காலையிலிருந்து உப்பு உப்பு என்று தலையில் அடித்துக்கொள்கிறேன், ராத்திரி நான் படுப்பதே உப்பு மேல்தான். கடைக்காரர் சொன்ன பிறகும் என் வாய் சும்மா இல்லை. "பாய், அது வந்து... உலகம் அழியறப்போ வேணும்னு எடுத்து வெச்சது."

பாய் குவிந்து கிடந்த தோலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பண்டிகைக்குப் போட்ட புதுச் சட்டையெல்லாம் ரத்தமும் வியர்வையுமாக இருந்தது.

"இன்னைக்கே அழிஞ்சா பரவால்லியா தோஸ்த்?" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. எனக்குத் தெரிந்து அவர் சிரிக்காமல் பேசியது அன்றைக்குத்தான். நான் ஓடினேன். தொப்பைக்காரன் ஓடினால் தெரு நின்று பார்க்கும், அதுவும் ஆயிற்று.

பாய் மூன்று சக்கர மீன்பாடி வண்டியோடு என் பின்னாலேயே வந்துவிட்டார். வந்தவர் வாசலிலேயே தயங்கி நின்றார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவியைப் பற்றித் தெருவுக்கே தெரியும். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து ஒரு கல் உப்பு வெளியே போகாது. உப்பு போனால் மகாலட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். கூடப் பிறந்த அக்கா வந்து கேட்டபோதே, "நாளைக்கு வா" என்று அனுப்பியவள். உள்ளே சாமி மாடத்துக்கு முன்னால் அவள் தலைவாரிப் பூ வைத்து நின்றிருந்தாள். விளக்கில் எண்ணெய் இருந்தது, திரி இருந்தது, கையில் தீப்பெட்டி.

"தங்கச்சி," என்றார் பாய்.

நான் விஷயத்தைச் சொன்னேன். பாதி சொன்னதும் அவள் தீப்பெட்டியை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"நான் இன்னும் விளக்கு வெக்கலண்ணே. வெக்கிறதுக்குள்ள எடுத்துக்கினு போங்க."

"இருட்டிடுச்சேம்மா."

"இருட்டுச்சுன்னா இருட்டட்டும். விளக்கு வெக்கிறது நான்தானே? சூரியனா வெக்குது?"

கட்டில் காலியானது. டிவி தரைக்கு இறங்கியது. கல்லுப்பு மூட்டைகள் முதல் நடையில் போயின. பிறகு பாக்கெட்டுகள். என் மனைவியும் மண்டிக்கே வந்து, பாயின் மனைவியோடு உட்கார்ந்து, அரிவாள்மணையில் பாக்கெட்டைக் கிழித்துக் கிழித்துத் தள்ளினாள். நான் தேய்த்தேன், பாய் தேய்த்தார். தூள் உப்பு தோலுக்கு அவ்வளவு சரிவராது, சீக்கிரம் கரைந்துவிடும், ஆனால் ஒரு ராத்திரி தாங்கும். விடிந்தால் லாரி வந்துவிடும்.

"அயோடின் உப்புய்யா இது," என்றேன். "உன் ஆட்டுக்கு இனிமே தைராய்டே வராது பாய்."

அப்போதுதான் அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், உப்புக் கையோடு. எரிந்திருக்கும். நானும் அதே தப்பைச் செய்தேன். ரெண்டு பேரும் கண் எரிச்சல் என்று சொல்லிக்கொண்டோம்.

கடைசித் தோலுக்கும் உப்பு விழுந்த பிறகு என் மனைவி வீட்டுக்கு ஓடி விளக்கை ஏற்றினாள். தெருவில் எல்லா வீட்டு விளக்கும் எப்போதோ ஏறிவிட்டது. எங்கள் மகாலட்சுமி அன்றைக்கு மட்டும் வாசலில் கொஞ்ச நேரம் காத்திருந்திருப்பாள் என்று நினைக்கிறேன். வீடு விசாலமாக இருந்தது. இவ்வளவு இடம் இருக்கிற வீட்டுக்கா இத்தனை நாள் வாடகை கொடுத்தோம் என்று ஆச்சரியப்பட்டேன்.

பாய் வீட்டிலிருந்து குர்பானிக் கறி மத்தியானமே வந்திருந்தது. யாருக்கும் சமைக்க நேரம் இல்லை. இப்போது அடுப்பில் ஏற்றினாள். மசாலா வாசனை தூக்கியபோது உப்பு டப்பாவைத் திறந்தாள். அதுவும் காலி. அவசரத்தில் அதையும் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். ஊர் உப்பை எல்லாம் வாங்கி வைத்தவன் வீட்டில், குழம்புக்கு ஒரு சிட்டிகை இல்லை.

அவள் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள். நான் வாசலுக்கு ஓடலாமா என்று பார்த்தேன். வாசலில் பாயின் மனைவி நின்றிருந்தார், மண்டியில் நான் அந்த டப்பாவைக் கவிழ்த்ததைப் பார்த்தவர். கையில் ஒரு சின்ன பேப்பர் பொட்டலம்.

"விளக்கு வெச்சாச்சே பாபி," என்றாள் என் மனைவி. "இந்நேரத்துல உப்பு குடுத்தா உங்க ஊட்டுக்கு ஆகாது."

"அது உங்க சாமிக்கு. எங்க ஊட்ல அடுப்பு அணையற வரைக்கும் குடுக்கலாம்," என்றார் அவர். பொட்டலத்தை அவள் கையில் அழுத்தினார். மண்டி முழுக்கத் தேடியும் உப்பு கிடைக்காத நாள் அது. அவர் வீட்டு டப்பாவிலும் அடியில் கிடந்ததைத்தான் வழித்துக் கொண்டுவந்திருப்பார். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், எப்போதும் சொல்கிறதையே சொன்னார்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருந்துச்சு."