617617-இல் நின்ற பிரஸ்

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் எதிரில் பேசவே கூசுவேன். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் அண்ணன் ஒருவர் ஆபரேட்டர், நான் ஹெல்பர். அவருக்கு நரைத்த மீசை, காதில் பென்சில். கையால் தகட்டைத் தள்ளி, காலால் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும். எத்தனை முறை இறங்கியது என்று தலைக்கு மேலே கவுண்டர் காட்டும். அதையே அண்ணாந்து பார்ப்பார்.

"இப்ப 617617 வரும் நைனா. எந்த மூணு இலக்கமும் அப்டியே ரெண்டு தபா வந்தா ஏழு, பதினொண்ணு, பதிமூணு எல்லாத்துலயும் மீதியில்லாம போவும்."

"கையைப் பாருண்ணா."

பிரஸ் இறங்கியது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது. அவர் நான்கு விரல்கள் தகட்டோடு நசுங்கிக் கிடந்தன. சூப்பர்வைசர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே மெஷினை நிறுத்தினார்.

ஆம்புலன்சில் அவர் கையைத் துண்டால் இறுக்கிப் பிடித்திருந்தேன். துண்டு நனைந்து கனத்தது. விரல் தங்குமா என்று கேட்பார் என நினைத்தேன்.

"இன்னா நம்பர்ல நின்னுச்சு?"

"617617."

"அப்ப நான் பாத்தது நெசந்தான்!" பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த முகத்தைப் பார்த்து அழுவதா, ஓங்கி அறைவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை நான்கு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.